அறைச் சாவி கைக்கு வருமுன்: நோயுள்ள பிள்ளைக்கு ஏற்ற விடுதி அறையைக் கேட்பது எப்படி?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வாளி, போர்வை, தலையணை, ஹேங்கர் என்று வாங்கத் தொடங்கிவிடுகிறோம். ஆஸ்துமா, இனிப்பு நீர், வலிப்பு, இதய நோய், காலில் குறை, மனநலச் சிகிச்சை என ஏதேனும் ஒன்று உள்ள பிள்ளைக்கு இவற்றைவிட முதலில் தேவைப்படுவது உடல்நிலைக்கு ஏற்ற அறை. அந்த அறை தானாக வராது. கேட்க வேண்டும். சரியான நேரத்தில், சரியான கடிதத்தோடு கேட்க வேண்டும்.

ஸ்கூடாய் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பொறுப்பு இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, நம் பேரனோ பேத்தியோ வேறு ஊருக்குப் படிக்கப் போவது. மற்றொன்று, கெடாவிலிருந்தோ பேராக்கிலிருந்தோ உறவினர் பிள்ளை ஸ்கூடாயில் உள்ள யூடிஎம் எனப்படும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கோ, இங்குள்ள தனியார் கல்லூரிக்கோ வருவது. அப்போது அந்தப் பிள்ளைக்கு அருகில் இருக்கும் ஒரே குடும்பம் நாமாகத்தான் இருப்போம். இரண்டுக்கும் இந்தக் கையேடு உதவும்.

"கோலேஜ்" என்றால் என்ன?

பல்கலைக்கழகக் கடிதங்களில் "கோலேஜ்" என்ற சொல்லைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் "கோலேஜ் கெடியாமான்" என்றால் மாணவர் தங்கும் விடுதி. யூடிஎம் வளாகத்தில் கோலேஜ் ரஹ்மான் புத்ரா, கோலேஜ் துன் பாத்திமா, கோலேஜ் பெர்டானா எனப் பல விடுதிகள் உள்ளன. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு தலைவர் இருப்பார். அவரை "பெங்கெத்துவா" என்று அழைப்பார்கள். அவருக்குக் கீழே மாணவர்களோடு விடுதியிலேயே தங்கிக் கவனிக்கும் "ஃபெலோ" என்ற அலுவலர்கள் இருப்பார்கள். இரவில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் முதலில் வரக்கூடியவர் ஃபெலோதான்.

இந்த வளாகம் ஆயிரம் ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. மேடும் பள்ளமுமான நிலம். விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்தே போக முடியாத தூரமும் உண்டு. வளாகத்துக்குள் பேருந்து ஓடுகிறது என்றாலும், மூச்சுத் திணறல் உள்ளவருக்கும் கால் வலி உள்ளவருக்கும் எந்த விடுதி, எந்த மாடி என்பது ஒவ்வொரு நாளும் உணரப்படும் விஷயம்.

ஏன் முன்கூட்டியே கேட்க வேண்டும்?

விடுதி அறைகள் பதிவு நாளுக்கு முன்னரே பிரிக்கப்படுகின்றன. தரைத்தள அறைகளும், மின்தூக்கி உள்ள கட்டடங்களும், குளியலறைக்கு அருகிலுள்ள அறைகளும் எண்ணிக்கையில் குறைவு. எல்லாருக்கும் சாவி கொடுத்த பிறகு ஒருவரை மாற்ற வேண்டுமென்றால், ஏற்கெனவே குடிவந்த இன்னொரு மாணவரைக் கிளப்ப வேண்டும். முன்னரே கேட்டால் ஒரு பட்டியலில் பெயரை மாற்றுவதோடு வேலை முடியும்.

சலுகைக் கடிதம், அதாவது "சூராட் தாவாரான்", வருவதற்கும் பதிவு நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்களே இருக்கும். சிறப்பு மருத்துவரிடம் கடிதம் வாங்கவே அந்த நாள்கள் போய்விடலாம். ஆகவே, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளை விண்ணப்பம் போட்ட உடனேயே அடுத்த மருத்துவச் சந்திப்பில், "இவர் விடுதியில் தங்கப் போகிறார், கடிதம் வேண்டும்" என்று சொல்லி வையுங்கள்.

மறைத்தால் இடம் பறிபோகாது என்று நினைக்க வேண்டாம்

புதிய மாணவர்கள் உடற்பரிசோதனைப் பாரம் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்விகள் வரும். "இல்லை என்றே போடு, இடம் போய்விடும்" என்று சில வீடுகளில் பெரியவர்களே சொல்லிவிடுகிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அதன் விளைவைப் பிள்ளை தனியாக இருக்கும் நேரத்தில் சுமக்கிறது.

வலிப்பு உள்ள பிள்ளைக்கு இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்சுலின் போடும் பிள்ளை இரவில் சர்க்கரை இறங்கி மயங்கினால், அறைத் தோழருக்கு அது தூக்கமா மயக்கமா என்றே தெரியாது. மருத்துவ நிலையத்தில் உள்ள கோப்பில் "நோய் எதுவுமில்லை" என்று எழுதியிருந்தால், அவசர நேரத்தில் மருத்துவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

உடல்நிலை காரணமாகச் சில படிப்புகளுக்கு நிபந்தனை உண்டு என்பது உண்மை. அது படிப்பின் தன்மையைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும்போதே தகுதி விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்வதுதான் சரியான வழி. பாரத்தில் பொய் எழுதுவது அந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. பின்னால் தெரிய வரும்போது கூடுதல் சிக்கலையே கொண்டுவரும்.

"பொண்ணுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் எப்படி?" என்ற கவலையும் நம்மிடையே உண்டு. கடிதம் மருத்துவ நிலையத்துக்கும் விடுதி அலுவலருக்கும் மட்டுமே போகிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கல்ல. "இந்த விவரத்தை இரகசியமாக வைத்திருக்க வேண்டுகிறேன்" என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதலாம்.

மனநலச் சிகிச்சை பெறும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோகூரில் "தம்போய்" என்ற ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாகப் பேசிப் பழகிவிட்டோம். 1930-களில் தொடங்கிய பெர்மாய் மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மனச்சோர்வு மருந்து சாப்பிடுவதை யாரிடமும் சொல்லாது. மருந்தை நிறுத்திவிடவும் கூடும். வீட்டில் அந்தச் சொல்லைக் கேலியாகப் பயன்படுத்தாமல் இருப்பதே நாம் செய்யும் முதல் உதவி.

எந்த நோய்க்கு எந்த அறை?

கீழே உள்ளவை பொதுவான தேவைகள். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா: ஈரக் கசிவோ சுவரில் பூஞ்சையோ இல்லாத, காற்றோட்டமான அறை. பழைய கம்பளமும் தூசி படிந்த மெத்தையும் இருக்கக் கூடாது. புகைபிடிக்காத அறைத் தோழர். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் மூச்சிரைப்பைத் தூண்டும் என்பதால், பிள்ளையின் அறைக்குப் பூசைப் பொருள் கொடுத்தனுப்பும் பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் புகைமூட்டம் வரக்கூடும். ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் காற்று சுகாதாரமற்றது. 200-ஐத் தாண்டினால் மிகவும் சுகாதாரமற்றது. அந்த நாள்களில் சன்னலை மூடி இருக்கக்கூடிய அறை வேண்டும்.

இன்சுலின் போடும் இனிப்பு நீர்: திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. திறந்த பேனாவைப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை சாதாரண அறை வெப்பத்தில் வைக்கலாம். பெட்டியில் உள்ள குறிப்பைப் படியுங்கள். ஆனால் மதிய வெயிலில் பூட்டிக் கிடக்கும் மேல்மாடி அறை சாதாரண அறை வெப்பம் அல்ல. அறைக்குள் சொந்தமாகக் குளிர்பெட்டி வைக்கப் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே, சிறிய குளிர்பெட்டிக்குச் சிறப்பு அனுமதி, அல்லது பூட்டிய பொதுக் குளிர்பெட்டியில் இடம் கேட்க வேண்டும். ஊசி முனைகளைப் போட மூடியுள்ள தனிக் கலனும் தேவை.

வலிப்பு நோய்: கீழ்க் கட்டில். தனியறை வேண்டாம், உடன் ஒருவர் தங்கும் அறையே பாதுகாப்பு. உள்ளே தாழிட்டாலும் வெளியிலிருந்து திறக்கக்கூடிய குளியலறை. இரவு நன்றாகத் தூங்கக்கூடிய அமைதியான பகுதி. தூக்கக் குறைவு பலருக்கு வலிப்பைத் தூண்டும்.

நடப்பதில் சிரமம், மூட்டு நோய், இதய நோய்: தரைத்தளம், அல்லது எப்போதும் வேலை செய்யும் மின்தூக்கி உள்ள கட்டடம். உட்காரும் கழிப்பறை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் உள்ள விடுதி. சக்கர நாற்காலி என்றால் வாசல் அகலமும் சாய்தளமும் நேரில் பார்க்கப்பட வேண்டும்.

குடல் நோய், சிறுநீரக நோய்: கழிப்பறைக்கு மிக அருகில் உள்ள அறை. உப்பு, புரத அளவு கட்டுப்படுத்த வேண்டியவருக்கு விடுதிக் கேண்டீன் உணவு ஒத்துவராது என்றால் சமைத்துக்கொள்ள அனுமதியுள்ள இடம்.

மனநலச் சிகிச்சை: சிலருக்கு அமைதியான இடம் தேவை. சிலரைத் தனியாக விடவே கூடாது. தனியறை நல்லதா கெட்டதா என்பதைக் குடும்பம் முடிவு செய்ய வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கடிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது

கோரிக்கை தாமதமாவதற்கும் திரும்பி வருவதற்கும் முக்கியக் காரணம் தெளிவில்லாத கடிதம். எடுத்துக்காட்டுக்கு இரண்டு கடிதங்களைப் பாருங்கள்.

முதல் கடிதம்: "இந்த மாணவருக்கு வலிப்பு நோய் உள்ளது. தேவையான விடுதி வசதியைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படிக்கும் விடுதி அலுவலர் மருத்துவர் அல்லர். தேவையான வசதி எது என்று அவருக்குத் தெரியாது. மேல்மாடித் தனியறையைக் கொடுத்துவிட்டு, நல்லது செய்ததாகவே அவர் நினைக்கக்கூடும்.

இரண்டாவது கடிதம்: "இந்த மாணவர் வலிப்பு நோய்க்காக எங்கள் கிளினிக்கில் தொடர் சிகிச்சை பெறுகிறார். தூக்கம் குறைந்தால் வலிப்பு வரக்கூடும். அப்போது சில நிமிடங்கள் நினைவு இருக்காது. ஆகவே இவருக்கு: ஒன்று, கீழ்க் கட்டில் கட்டாயம் தேவை. இரண்டு, தனியறை கூடாது. மூன்று, வெளியிலிருந்து திறக்கக்கூடிய குளியலறை தேவை. நான்கு, தரைத்தள அறை இருந்தால் நல்லது. இந்தத் தேவை படிப்புக் காலம் முழுவதும் நீடிக்கும். ஓராண்டுக்குப் பிறகு மறுபடியும் மதிப்பிடப்படும்."

இரண்டாவது கடிதத்தில் நோயின் பெயரைவிட முக்கியமான மூன்று விஷயங்கள் உள்ளன. நோய் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறது? அதனால் அறை எப்படி இருக்க வேண்டும்? எது கட்டாயம், எது இருந்தால் நல்லது? இடம் பற்றாக்குறை உள்ளபோது அலுவலர் முடிவெடுக்க மூன்றாவது கேள்விக்கான பதில்தான் உதவுகிறது.

கிளினிக்கில் நேரம் குறைவு. மருத்துவர் தானாக எல்லாவற்றையும் எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இரவில் எத்தனை முறை எழுகிறார், எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கடைசியாக எப்போது அவசரப் பிரிவுக்குப் போனார், எந்த மருந்து எப்படி வைக்கப்படுகிறது. பிள்ளையைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில் இந்தத் தாளை நிரப்ப உங்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை.

கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். கிளினிக்கின் முத்திரை, மருத்துவரின் பெயர், கையெழுத்து, தேதி இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். "லாப்போரான் பெருபாத்தான்" எனப்படும் முழு மருத்துவ அறிக்கைக்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. முகப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகம் அறிக்கையைக் கேட்காவிட்டால், மேலே சொன்னது போன்ற ஒரு பக்கக் கடிதமே போதுமானதாக இருக்கலாம்.

யாரிடம் கொடுப்பது?

சலுகைக் கடிதத்திலும் பதிவு வழிகாட்டியிலும் விடுதி விண்ணப்பம் பற்றிய பகுதி இருக்கும். அதில் உள்ள தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக மூன்று இடங்கள் தொடர்புடையவை.

- மாணவர் விவகாரப் பிரிவு. மலாயில் "ஹால் ஏவால் பெலாஜார்", சுருக்கமாக "ஹெப்" என்பார்கள். விடுதிக் கோரிக்கையும் மாற்றுத் திறனாளி மாணவர் சேவையும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும்.
- பல்கலைக்கழகச் சுகாதார நிலையம். யூடிஎம்மில் இதை "பூசாட் கெசிஹாத்தான்" என்பார்கள். பிள்ளையின் மருத்துவக் கோப்பு இங்கே திறக்கப்பட வேண்டும்.
- அறை கிடைத்த விடுதியின் அலுவலகம். பெங்கெத்துவாவுக்கும் அந்தத் தளத்து ஃபெலோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. தேதியோடு ஆதாரம் இருக்கும். நேரில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அழைத்து, பேசியவரின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். தனியார் கல்லூரிகளிலும் இதே முறைதான். அங்கே விடுதி வாடகை வீடாகவோ அடுக்குமாடியாகவோ இருந்தால், மின்தூக்கி, தண்ணீர், வளாகத்துக்குச் செல்லும் வாகனம் ஆகியவற்றையும் கேளுங்கள்.

பிள்ளை பேசட்டும், நாம் பக்கத்தில் இருப்போம்

நம் நாட்டில் 18 வயது நிறைந்தவர் சட்டப்படி வயது வந்தவர். பல்கலைக்கழகம் பிள்ளையின் கையெழுத்தையே கேட்கும். மருத்துவரும் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் விவரங்களைத் தாத்தா பாட்டியிடம் சொல்ல மாட்டார். இது நம்மை ஒதுக்குவதற்காக அல்ல, பிள்ளையின் உரிமை.

ஆகவே, மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். தொலைபேசியில் பிள்ளையே பேசட்டும். போவதற்கு முன் வீட்டில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்: "எனக்கு இன்சுலின் தேவைப்படும் இனிப்பு நீர் உள்ளது. மருத்துவர் கடிதம் இருக்கிறது. குளிர்பெட்டி அனுமதி கேட்க வந்திருக்கிறேன்." இப்படி மூன்று வாக்கியத்தில் தன் தேவையைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, விடுதியில் மட்டுமல்ல, பின்னால் வேலை இடத்திலும் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

நாம் செய்யக்கூடியவை வேறு: கிளினிக் அட்டைகளையும் பழைய அறிக்கைகளையும் தேடி எடுத்துக் கொடுப்பது, நகல் எடுப்பது, வண்டியில் கூட்டிப்போவது, "கேட்பதில் வெட்கமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்வது.

ஓகேயு அட்டை வேண்டுமா?

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், 685-ஆவது சட்டம், நடைமுறையில் உள்ளது. அதன் 28-ஆவது பிரிவு கல்வியைப் பற்றியது. மாற்றுத் திறனாளிகள் கல்வி பெறுவதற்கு ஏற்ற நியாயமான வசதிகளை அரசாங்கமும் தனியார் கல்வி நிறுவனங்களும் செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. கட்டட வசதியும் அதில் அடங்கும். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே, நாம் கேட்பது தனிச் சலுகை அல்ல.

பார்வை, கேள்வி, பேச்சு, உடல், கற்றல், மனநலம் ஆகியவற்றில் நீண்டகாலக் குறை உள்ளவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட குறை உள்ளவர்களும் சமூகநலத் துறையில் பதிந்து ஓகேயு அட்டை பெறலாம். மருத்துவர் நிரப்பிய பாரத்தோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அட்டை உள்ள மாணவர்கள் உயர்கல்வி அமைச்சின் நிதி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். மாணவர் விவகாரப் பிரிவில் "பிகேஓகேயு" என்று கேளுங்கள்.

ஆஸ்துமா, இனிப்பு நீர் போன்ற நோய் இருப்பதால் மட்டும் ஒருவர் ஓகேயு ஆகிவிடுவதில்லை. அதற்காகக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம். அட்டை இல்லாதவரும் மருத்துவர் கடிதத்தோடு ஏற்ற அறை கேட்கலாம்.

"இடமில்லை" என்று சொன்னால்?

கோபப்படுவதற்கு முன், எது முடியவில்லை என்று கேளுங்கள். தரைத்தளம் இல்லையென்றால் முதல் மாடியும் கீழ்க் கட்டிலும் தர முடியுமா? குளிர்பெட்டி கூடாதென்றால் சுகாதார நிலையத்திலோ விடுதி அலுவலகத்திலோ இன்சுலினை வைக்கலாமா? இரவிலும் எடுக்க முடியுமா? யாராவது அறையை விட்டுப் போனால் தரக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கப்படுமா?

பதிலை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் "கட்டாயம்" என்று குறிக்கப்பட்ட தேவை கிடைக்காவிட்டால், மருத்துவரிடம் திரும்பிச் சென்று, அது கிடைக்காதபோது என்ன ஆபத்து என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு பெங்கெத்துவாவையும் மாணவர் விவகாரப் பிரிவின் மேலதிகாரியையும் அணுகலாம். பிள்ளையின் வீடு ஸ்கூடாயிலேயே இருந்தால், விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து போய்வர அனுமதி கேட்பதும் ஒரு வழி.

மருந்து நின்றுவிடக் கூடாது

அறை கிடைத்தும் மருந்து தீர்ந்துபோனால் பயனில்லை. அலோர் ஸ்டாரில் சிகிச்சை பெறும் பிள்ளை மாதாமாதம் ஊருக்குப் போய் மருந்து வாங்க முடியாது. சுகாதார அமைச்சின் மருந்தகங்களில் எஸ்பியூபி என்ற ஏற்பாடு உள்ளது. ஊர் மருத்துவமனையில் எழுதிய தொடர் மருந்தை, தங்கும் இடத்துக்கு அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையிலோ சுகாதாரக் கிளினிக்கிலோ பெற்றுக்கொள்ளலாம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் மருந்தகத்தில் "எஸ்பியூபி வேண்டும், ஸ்கூடாயில் எடுக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். எந்தக் கிளினிக்கில் அந்த மருந்து உண்டு என்பதை அவர்களே பார்த்துச் சொல்வார்கள். அஞ்சலில் மருந்து அனுப்பும் சேவையும் உண்டு. குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்கு அது பொருந்துமா என்று மருந்தாளரைக் கேளுங்கள்.

சிறப்பு மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவர் என்றால், ஜோகூர் பாருவில் உள்ள சுல்தானா அமினா மருத்துவமனைக்கோ சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கோ "சூராட் ருஜுக்கான்" எனப்படும் பரிந்துரைக் கடிதம் ஊரிலேயே வாங்கி வர வேண்டும்.

அறைத் தோழருக்குச் சொல்ல வேண்டியவை

நோயின் முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. அவசரத்தில் என்ன செய்வது என்பதை மட்டும், பிள்ளையின் சம்மதத்தோடு, சொன்னால் போதும்.

வலிப்பு வந்தால்: தலைக்கு அடியில் மெத்தென்ற துணி வையுங்கள். சுற்றியுள்ள கடினமான பொருள்களை அகற்றுங்கள். நேரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்க வேண்டாம். கையில் இரும்பையோ சாவியையோ திணிப்பது பழைய வழக்கம். அதனால் வலிப்பு நிற்காது, காயம்தான் படும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ 999-ஐ அழையுங்கள்.

சர்க்கரை இறங்கினால்: வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு தெரியும். விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடியும் சர்க்கரை அளவைப் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழையுங்கள்.

மூச்சுத் திணறினால்: நிமிர்ந்து உட்கார வைத்து, உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலரைக் கொடுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காமல் 999.

ஸ்கூடாயில் உள்ள உறவினராக நீங்கள் செய்யக்கூடியவை

- உங்கள் பெயரையும் எண்ணையும் அவசரத் தொடர்பாகச் சுகாதார நிலையத்திலும் விடுதியிலும் கொடுக்கச் சொல்லுங்கள். பெற்றோர் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கலாம். நீங்கள் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.
- பிள்ளையின் மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம், மருத்துவர் கடிதம் ஆகியவற்றின் நகலை, பிள்ளையின் சம்மதத்தோடு, ஓர் உறையில் வைத்திருங்கள்.
- முதல் வாரத்திலேயே அறையை நேரில் பாருங்கள். கேட்டது கிடைத்திருக்கிறதா, மின்தூக்கி ஓடுகிறதா, சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.
- விரதம், விசேஷம் என்று வீட்டுக்கு அழைக்கும்போது பிள்ளையின் மருந்து நேரத்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.
- "எப்படி இருக்கே?" என்று மட்டும் கேட்காமல், "நேத்து ராத்திரி தூங்கினியா? மருந்து எத்தனை நாளுக்கு இருக்கு?" என்று கேளுங்கள். அதற்குப் "பரவாயில்லை" என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

கிளம்பும் முன் சரிபார்க்க

1. தேவைகள் வரிசையாக எழுதப்பட்ட, முத்திரையிட்ட மருத்துவர் கடிதம், மூன்று நகல்கள்.
2. உண்மையாக நிரப்பப்பட்ட உடற்பரிசோதனைப் பாரம்.
3. அனுப்பிய மின்னஞ்சலும் வந்த பதிலும்.
4. ஓகேயு அட்டை இருந்தால் அதன் நகல்.
5. குறைந்தது ஒரு மாத மருந்தும் எஸ்பியூபி ஏற்பாடும்.
6. ஃபெலோ, சுகாதார நிலையம், உள்ளூர் உறவினர் ஆகியோரின் எண்கள் பிள்ளையின் கைப்பேசியிலும் ஒரு தாளிலும்.

அடுத்த ஆண்டு அறை மறுபடியும் பிரிக்கப்படும். முதலாண்டில் கிடைத்தது தானாகத் தொடரும் என்று இருந்துவிட வேண்டாம். விண்ணப்பம் திறக்கும் முன் கடிதத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

உதவி எண்கள்: அவசரம் 999. சமூகநல உதவிக்குத் தாலியான் காசே 15999. மனநல ஆலோசனைக்குத் தாலியான் ஹீல் 15555. மேலும் விளக்கம் தேவைப்பட்டால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இந்தக் கையேட்டைக் காட்டிக் கேளுங்கள்.